ஏழாவது வரி

"யோவ் கலியன், அந்த ஏழாவது வரியைப் படி."

கலியன் படித்தார். "சம்பூர்ணம் அம்மாள், பிரசவ ஆயா."

"அங்க யாரு பேரு இருக்கணும்?"

"தலைவர் ஐயா பேருங்க."

பிள்ளையார்பாளையம் நூலக வாசலில் விழாக்குழு மொத்தமும் கூடி நின்றது. எழுபத்தைந்து வருஷத்துக் கட்டடம். நூலகம் ஆவதற்கு முன்னால் அது தெருக்காரர்கள் சேர்ந்து கட்டிய பிரசவ ஆஸ்பத்திரி. அந்தக் கதையைச் சொல்லும் கல்வெட்டைத்தான் கலியன் செதுக்கி, சுவரில் பதித்து, சிமெண்டும் பூசி முடித்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா.

கேள்வி கேட்டவர் செயலாளர் கலைவாணன். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். இப்போது அது கையில் இருந்தது.

சமாச்சாரம் இதுதான். விழாக்குழுவில் இருந்த மங்கையர்க்கரசி டீச்சர் முதலில் எழுதிக் கொடுத்த வாசகத்தில் ஏழாவது வரி சம்பூர்ணத்துக்கு. முப்பத்திரண்டு வருஷம் அங்கே ஆயாவாக இருந்தவர். விழாக்குழுவில் பாதிப் பேரை முதன்முதலில் குளிப்பாட்டியது அந்தக் கைதான். ஆனாலும் போன குழுக் கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி போனது.

"இடம் குடுத்தவரு, டாக்டரு, சரி. ஆயா பேரெல்லாம் கல்லுல போட்டா, நாளைக்குப் பெருக்கினவங்க பேரையும் கேப்பாங்க."

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். சம்பூர்ணம் பெயர் போய், அந்த இடத்துக்கு விழாக்குழுத் தலைவர் பஞ்சாட்சரத்தின் பெயர் வந்தது.

பட்டுக்கடை பஞ்சாட்சரம் அன்று வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான். "திருத்தின தாளைக் குடுங்க. கலியன்கிட்ட நானே சேத்துடறேன்."

'அதுக்குள்ள என்ன அவசரம் பாரு' என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது கலைவாணன் விடவில்லை. "திருத்தின தாளு உன்கிட்ட வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சுங்க. ரெண்டையும் ஒண்ணா வச்சிருந்தேன். பழசைப் பாத்து செதுக்கிட்டேன். என் தப்புதான்."

"தப்பா? உனக்கும் தென்னேரிதான் ஊரு, அந்தம்மாவுக்கும் அதே ஊரு. உங்க ஆளுன்னு வேணும்னே பண்ணியிருக்க."

கலியன் தலையைக் குனிந்துகொண்டார்.

பஞ்சாட்சரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "முப்பது வருஷமா கல்லு செதுக்கற. கண்ணை எங்கய்யா வச்சிருந்த? சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு வரச்சொல்லியிருக்கேன். என் மானத்தை வாங்கிட்டியே."

குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வரிக்கு இவ்வளவு ஆத்திரமா என்று இருந்தது அவருக்கு.

"தறியா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி நெய்யலாம். கல்லை இன்னா பண்றது?" என்றார் கலைவாணன்.

"வேற கல்லுன்னா நாலு நாள் ஆவும்ங்க."

"விடிஞ்சா விழாய்யா."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் பெருமூச்சு விட்டார். "போவுது, விடுங்கப்பா. நமக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான். அப்பிடியே இருக்கட்டும்."

"உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்று கலைவாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகும்போது கலியனிடம், "இனிமே இந்தத் தெருவுல உனக்கு வேலை கிடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கூட்டம் கலைந்தது. கலியன் உளிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் மட்டும் போகவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ரொம்பத் திட்டிட்டேனாப்பா?"

"இருக்கட்டும்ங்க."

"கலைவாணன் சொன்னதை மனசுல வச்சுக்காத. கோயில் மண்டபத்துக் கல்லு வேலை உனக்குத்தான். நேத்தே பேசிட்டேன்."

கலியன் சிரித்தார்.

"அப்புறம், சம்பூர்ணம்மாவோட பொண்ணு காந்தா செவிலிமேட்டுலதான இருக்குது? நாளைக்கு நீயே போய் கூட்டிக்கினு வந்துடு. முன்னால உக்காரணும்."

பஞ்சாட்சரம் ஏழாவது வரியை விரலால் தடவிப் பார்த்தார். எழுத்து நன்றாக ஆழமாக விழுந்திருந்தது.

"நான் பொறந்தப்ப அழவே இல்லியாம்பா. டாக்டரே கையை விரிச்சுட்டாங்களாம். சம்பூர்ணம்மாதான் என்னைத் தலைகீழாப் புடிச்சு, முதுகுல ரெண்டு போட்டு அழ வச்சாங்களாம். எங்கம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க."

"இதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா இன்னா பண்ணுவாங்க? 'அப்பிடியா சார்'னு கேட்டுட்டு, மறுபடியும் கை தூக்கச் சொல்லுவாங்க."

கலியன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "சரிங்க, அந்தத் திருத்தின தாளை இப்பவாவது என்கிட்ட குடுங்க. வந்துச்சுன்னு சொல்லிட்டேன். செயலாளர் கேட்டா காட்டணும்ல."

பஞ்சாட்சரம் மணிபர்ஸைத் திறந்தார். கூட்டத்தன்று வாங்கி வைத்த தாள், அவர் பெயரோடு, மடிப்புக்கூடக் கலையாமல் அதற்குள்ளேயே இருந்தது.