பின்னால் பார்க்கும் கண்ணாடி

"மாமா, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

இந்த ஒத்திகையும் வீண். நாளை போட்டி. நேரான ஓடுபாதையில் ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும். யார் அதிக வேகம் தொடுகிறார் என்பதுதான் கணக்கு. மெக்கானிக்கான மச்சினன் பின்சீட்டு, ஸ்பேர் டயர், தரைவிரிப்பு எல்லாவற்றையும் கழற்றி, காரைக் காலித் தகர டப்பாவாக்கியிருந்தான். ஓட்டுகிறவரோ பாதி வழியில் கண்ணாடியைப் பார்ப்பார். உடனே வேகம் படுத்துவிடும்.

"உங்க பேரைக் குடுத்ததே அக்காதான். அவளுக்காகவாவது ஒரு மிதி மிதிங்க."

"சரி."

"அப்படி என்னதான் பார்க்கிறீங்க கண்ணாடியில?"

"பின்னாடி யாரும் வரல."

"ரேஸ்ல பின்னாடி யாரு மாமா வருவா?"

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

"அப்போ இதையும் கழட்டிடறேன்." மச்சினன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

அவர் தடுக்கவில்லை.

"இத்தனை வருஷமா அமரர் ஊர்தி ஓட்டுற கால்டா இது. பின்னாடி வர்ற சொந்தக்காரங்க வண்டியில ஒண்ணு விட்டுப்போனாலும் தானா பிரேக்குக்குப் போயிடும்."

மச்சினன் சிரிக்கப் பார்த்தான்.

அவர் அதே குரலில் சொன்னார்: "போன மாசம் உங்க அக்காவை நான்தானே ஏத்திக்கிட்டுப் போனேன். நீ சிக்னல்ல மாட்டிக்கிட்ட. நீ வந்து சேர்ற வரைக்கும் அவளை வச்சுக்கிட்டு ஓரமா நின்னேன்."