ஐந்தாவது சீன்

"கட்டிங் மாஸ்டர்தான் எடுத்திருக்காரு. என் கண்ணால பார்த்தேன்க்கா! நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு, நேரா செக்யூரிட்டி ரூமுக்குள்ள போனாரு."

துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் பொண்ணு மூச்சு வாங்கச் சொன்னாள். செக்கிங் அக்கா தன் சாப்பாட்டுப் பையை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தாள். டிபன் பாக்ஸ் விழுந்தது, தைலக் குப்பி விழுந்தது. திரைக்கதை மட்டும் விழவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல அவளுக்கு அலுப்பாக இருந்தது. நாள் முழுக்க நின்றபடியே சட்டைகளில் தையல் பிசகைத் தேடுகிறவள். வீட்டுக்குப் போய் சமைத்து, எல்லாருக்கும் போட்டு, பாத்திரம் கழுவி, அதற்கு மேல் உட்கார்ந்து எழுதியது அது.

திரைக்கதை என்றால் சினிமாவுக்கு இல்லை. நாளைக் காலையில் கம்பெனி கேட்டில் நடக்கப்போவதுதான் கதை. பட்டன் துளை தைக்கிற காஜா பொண்ணு மாசமாக இருக்கிறாள். மெஷினிலேயே மயங்கி விழுந்தாள். இனி வேலைக்கே வரவேண்டாம் என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். அவளைத் திரும்பச் சேர்க்கும் வரை கேட்டில் உட்காருவதாக முடிவு.

போன வருஷமும் வேறொரு விஷயத்துக்கு உட்கார்ந்தார்கள். செக்யூரிட்டிகள் தடியோடு வந்ததும் ஒருத்தி செருப்பைக் கழற்றி வீசினாள். அவ்வளவுதான், கலவரம் என்று சொல்லி ஒரு லைனில் தைத்த அத்தனை பேரையுமே வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

"இந்தத் தடவை நம்ம பக்கத்துல ஒரு கை ஓங்கக் கூடாது" என்றாள் அக்கா.

தீர்மானம், கோரிக்கை என்று வாசித்தால் நம் பெண்களுக்குக் கொட்டாவி வரும். சினிமா என்றால் கண் கொட்ட மாட்டார்கள். அதனால்தான் சீன் சீனாக எழுதினாள். யார் எங்கே உட்காருவது, மேனேஜர் கத்தினால் யார் வாயை மூடிக்கொள்வது, எல்லாம் அதில் இருந்தது. ஐந்தாவது சீனைத்தான் எழுதி எழுதிக் கிழித்தாள். கடைசியில் வந்தது இவ்வளவுதான்: 'செக்யூரிட்டிகள் தடியால் அடிக்கிறார்கள். பெண்கள் எழுந்திருக்கவில்லை.'

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒத்திகை நடந்தது. செக்யூரிட்டியாக நடிக்கக் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேலை ஓங்கிக்கொண்டு வந்த மனுஷன் பாதியிலேயே நின்று, "எனக்கு இது வராதும்மா" என்று போய்விட்டார்.

"அப்பவே நாம உஷாராகியிருக்கணும்க்கா" என்றாள் ஓவர்லாக் பொண்ணு. " செக்யூரிட்டி தலைவன் யாரு? அவரோட மச்சினன்! அதான் காட்டிக்கொடுத்துட்டாரு. போன் போட்டா எடுக்கல. வாங்க, வீட்டுக்கே போய் நாலு சாத்து சாத்தலாம்."

"அடியே, நாம அகிம்சைடி!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அது நாளைக்குத்தானே!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கே கை பரபரத்தது என்பதுதான் உண்மை.

"பேசாம நாளைக்கு வேண்டாம்னு விட்டுடலாமாக்கா?"

"நாம விட்டுடலாம். ஆனா வேலையில இருந்தாத்தான் காஜா பொண்ணோட பிரசவத்தை கம்பெனி ஆஸ்பத்திரியில பார்ப்பாங்க. இல்லேன்னா அவ எங்கடி போவா?" அக்கா பையைத் தோளில் மாட்டினாள். "உட்காருவோம். வர்றது வரட்டும்."

மறுநாள் காலையில் கேட்டில் உட்கார்ந்தார்கள். எந்த முகத்தோடு வந்தாரோ, கட்டிங் மாஸ்டரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவள் விலகி உட்கார்ந்தாள்.

"வெட்கங்கெட்ட ஜென்மம்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள் அக்கா. அவர் தலை குனிந்துகொண்டார்.

மேனேஜர் வந்தார், கத்தினார். பெண்கள் வாய் திறக்கவில்லை.

"என்னடா வேடிக்கை? அடிச்சு விரட்டுங்க!"

செக்யூரிட்டிகள் தடியோடு வரிசையாக வந்தார்கள். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் காஜா பொண்ணின் வயிறுதான் தெரிந்தது.

முதுகில் எதுவும் விழவில்லை. தரையில்தான் ஏதோ விழுந்து உருண்டது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் சேர்ந்தாற்போலப் பல.

கண்ணைத் திறந்தாள். தடிகள் கீழே கிடந்தன. செக்யூரிட்டிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு, முதலாளிக்குப் போன் போட உள்ளே ஓடினார். மதியத்துக்குள் முதலாளியிடமிருந்து ஆள் வந்துவிட்டது, காஜா பொண்ணை நாளையிலிருந்து வரச் சொல்லி.

மாஸ்டரின் மச்சினன் அக்காவிடம் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"நல்லா எழுதியிருந்தீங்கக்கா. நேத்து சாயங்காலம் மாமா எங்க ரூமுக்கு வந்து படிச்சுக் காட்டினாரு. எங்களையும் மனுஷனா மதிச்சு எழுத ஒருத்தர் இருக்காங்களேன்னு பசங்க அப்படியே உட்கார்ந்துட்டானுங்க."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதைச் சொல்றீங்க?"

"அஞ்சாவது சீன்தான்க்கா! 'முதலில் தலைவன் தடியைக் கீழே போடுகிறான். பிறகு மற்றவர்களும் போடுகிறார்கள்.'"

அக்கா மெல்ல எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். வெட்கம் யாருக்கு வரவேண்டுமோ அவளுக்கு வந்திருந்தது.

"நான் அப்படி எழுதலையே மாஸ்டர்?"

கட்டிங் மாஸ்டர் பாக்கெட்டிலிருந்த காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது, ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"அதை அப்படியே படிச்சிருந்தா, அடிச்சிருப்பானுங்கம்மா."