ஓரச் சிரிப்பு

திராட்சைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அனிதா மேரியைப் பார்த்துத் தன் புருஷன் பாண்டீஸ்வரன் கண்ணடித்ததை யுவராணி பார்த்துவிட்டாள். பேசப் பேசக் கண்ணடித்தான். கூடவே ஒரு ஓரச் சிரிப்பு வேறு.

"இன்னைக்கே போயிருங்கண்ணே. யக்காகிட்ட மெதுவாச் சொல்லிக்கிருவோம்" என்றாள் மேரி.

யுவராணி கையிலிருந்ததைக் கீழே போட்டாள். நேரே போய் நின்றாள்.

"எங்கன போறீக? நானும் வாரேன்."

"கம்பத்துக்கு, டாக்டரைப் பாக்கத்தான்" என்றவன் அவளையும் பார்த்துக் கண்ணடித்தான்.

"அவளுக்கு அடிச்சது போக மிச்சம் எனக்கா?"

விடாமல் பஸ்ஸில் கூடவே ஏறினாள். கம்பத்தில் வழுக்கைத்தலை டாக்டரைப் பார்த்தும் அவன் கண்ணடித்தான்.

"பாருங்க டாக்டர், உங்களைக்கூட விடல."

"கண்ணடிக்கலம்மா. ரெண்டு கண்ணையும்தான் சிமிட்டுறார், வலது கண்ணு மூட மாட்டேங்குது. மூளையிலிருந்து முகத்துக்கு வர்ற நரம்பு, காதுக்குப் பின்னால எலும்புப் பொந்துக்குள்ள வீங்கி நசுங்கியிருக்கு. அதான் சிரிப்பும் ஒரு பக்கமா வருது. சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சு, மாத்திரையில சரியாயிரும். யாரு கவனிச்சது, நீங்களா?"

 யுவராணி பார்த்ததெல்லாம் மூடிய கண்ணை. மேரி பார்த்திருக்கிறாள், மூடாத கண்ணை.

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பொறாமை வந்தது.