நூற்றுப் பதினாலாவது வீடு

“என்ன திமிர் சார் அந்தம்மாவுக்கு! அஞ்சு தடவை மூணு மாடி ஏறிட்டேன். அஞ்சு தடவையும் அதே பதில்.”

சர்வே எடுக்கும் பெண் பையை மேஜை மேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தாள்.

பொதுச் சுகாதாரத் துறைப் பேராசிரியர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உட்காரும்மா” என்றார், அவள் உட்கார்ந்த பிறகு.

பல்கலைக்கழகத்திலேயே பெரிய ஆராய்ச்சி நிதி இந்த வருஷம் அவருக்குத்தான் கிடைத்திருந்தது. தலைப்பு, ‘வீட்டோடு இருக்கும் பெண்களின் மனநலம்’. பாராட்டுக் கூட்டம், துணைவேந்தரோடு போட்டோ எல்லாம் ஆயிற்று. பத்திரிகைப் பேட்டியில், “இந்தப் பெண்கள் பேசுவதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை” என்று அவர் சொன்னது கொட்டை எழுத்தில் வந்தது. இனி வேலைதான் பாக்கி.

குலுக்கலில் விழுந்தவை நூற்றிருபது வீடுகள். அதில் நூற்றுப் பதினாலு வீட்டிலாவது பதில் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் இரண்டாவது தவணை நிதி வராது. அது வராவிட்டால் வீடு வீடாக அலையும் நான்கு பெண்களுக்கும் வேலை கிடையாது. கெடு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வியாழன்.

நூற்றுப் பதிமூன்று முடிந்திருந்தது. ஆறு வீடு பூட்டியே கிடந்தது. மிச்சம் இந்தத் திமிர் பிடித்த அம்மாவின் வீடு ஒன்றுதான்.

“பக்கத்து வீட்ல எடுத்துடட்டுமா சார்? அவங்களே கூப்பிட்டு வெச்சுப் பேசறாங்க.”

“கூடவே கூடாது. குலுக்கல்ல எது விழுந்துதோ அதேதான். பேச ஆசைப்படறவங்களை மட்டும் கேட்டா அது ஆராய்ச்சி இல்ல, அரட்டை.”

“அப்ப எங்க வேலை போச்சு சார்” என்றாள். “வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன்.”

பேராசிரியர் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. வாய் திறக்காதவர்களைப் பேச வைப்பது எப்படி என்று அவர் மூன்று கட்டுரை எழுதியவர். சும்மா விட மனசு வருமா?

“கதவைத் திறந்ததும் ஃபாரத்தை நீட்டியிருப்ப. அதான் தப்பு. முதல்ல ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேக்கணும். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கணும்.”

“கேட்டேன் சார். ‘பரவாயில்லையே, நீயாவது கேட்டியே’ன்னாங்க. உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சு, குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. துணி மடிச்சுக்கிட்டிருந்தாங்க, நானும் கூட உட்கார்ந்து மடிச்சேன். நல்லாத்தான் பேசறாங்க. ஃபாரத்தை எடுத்தாத்தான் முடியாதுங்கறாங்க.”

“வீட்டுக்காரன் திட்டுவான்னு பயமோ?”

“அந்த ஆளா? அவர் இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. காலையில போனா ராத்திரிதான் வருவாராம். குடி கிடையாது, சண்டை கிடையாது. பேச்சும் கிடையாதாம்.”

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார்.

“இவனை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதாம்மா நமக்கு நிதியே வருது.”

அவளும் சிரித்து வைத்தாள். சம்பளம் கொடுப்பவர் சிரித்தால் வேறென்ன செய்வது?

“சரி, முடியாதுங்கறதுக்கு என்னதான் காரணம் சொல்றாங்க?”

அவள் தயங்கினாள்.

“தப்பா நினைக்கக் கூடாது சார். நாம குடுக்கற விளக்கக் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க. ‘கீழ கையெழுத்துப் போட்டிருக்காரே, அவரே வந்து என்னைக் கேக்கட்டும். எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்’னாங்க. அஞ்சு தடவையும் இதேதான். உங்களைப் போய் வரச் சொல்றதாவதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல.”

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. திமிர் பிடித்த அம்மா அந்த நிமிஷமே விவரம் தெரிந்த அம்மாவாகிவிட்டாள்.

“அட, இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா? ஆராய்ச்சியோட மதிப்புத் தெரிஞ்சவங்கம்மா அவங்க! நானே போறேன். இன்னிக்கே போறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, கவலைப்படாத. முகவரியைக் குடு.”

“முகவரியை உங்ககிட்டகூடக் காட்டக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“யார் என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னேன். அவங்களே கூப்பிட்டப்புறம் என்ன? குடும்மா.”

அவள் பைக்குள் துழாவி ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். அதில் பெயர் எதுவும் இல்லை. கதவு எண், மாடி, தெரு, அவ்வளவுதான்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகும் சீட்டைக் கீழே வைக்கவில்லை.

இடம் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் சுத்துவழிதான் சார். லிஃப்ட்டும் வேலை செய்யல. எப்படிப் போகணும்னு வரைஞ்சு தரட்டுமா?”

“வேண்டாம்மா” என்றார் அவர், சீட்டைப் பார்த்தபடியே. “பத்தொன்பது வருஷமா நான் அங்கதான் குடியிருக்கேன்.”