ரெண்டு அளவு பெரிய கோட்

"இது உங்க பொண்ணு கோட் பாக்கெட்டுல இருந்துச்சு."

விளையாட்டு டீச்சர் மேசைமேல் வைத்தது, பாதி குடித்து அணைத்த ஒரு சிகரெட்.

அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகளுக்குப் பதின்மூன்று வயது. கூடைப்பந்து அணிக்குக் கேப்டன். இருட்டில் தனியாக பாத்ரூம் போக இன்றைக்கும் துணைக்கு ஆள் கூப்பிடுகிறவள். இவளா ஊதுவாள்?

"யாரு பழக்கினதுன்னு பேரை மட்டும் சொல்லட்டும், விட்டுடறோம். இல்லேன்னா நாளையிலேருந்து டீம்ல இடமில்ல," என்றார் டீச்சர். "இந்த வயசுல தானா யாரும் கத்துக்கறதில்லம்மா. பக்கத்துல ஒருத்தர் ஊதறதைப் பார்த்துத்தான் வரும்."

"இது உன்னோடதாடி?" பக்கத்தில் நின்ற மகளைக் கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

"அப்ப யாரோடது?"

விரல்நுனி கூடத் தெரியாத அந்தப் பெரிய கோட்டுக்குள் மகள் இன்னும் சுருங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் தெருவோரம் நிறுத்தி, "ஊது" என்றாள் அம்மா. மகள் ஊதினாள். அம்மா அவள் விரல்களை முகர்ந்தாள், கோட்டை முகர்ந்தாள். என்ன பிரயோசனம்? அம்மா இழுப்பு நோய்க்காரி, வருஷம் பூராவும் மூக்கடைப்பு. சமையலறையில் பால் தீய்ந்தாலே பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மகளின் கோட்டைக் கழற்றிப் பின்கதவு ஆணியில் மாட்டிவிட்டு, விஷயத்தை அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவர் தப்பைத் திருத்தியே பழகிய மனுஷர். ஒல்லி உடம்பு குலுங்கக் கத்தினார்.

"சேர்க்கை சரியில்ல, சேர்க்கை சரியில்லன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? அந்த எதிர்வீட்டுப் பயதானே?"

"அவன் இல்லப்பா."

"வேற யாரு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"உங்கம்மா இழுப்புக்காக நானே அந்தச் சனியனை விட்டாச்சு. உன் மேல சத்தியம் பண்ணி விட்டேன்டி. அந்த வீட்டுல நீ ஆரம்பிக்கிறியா?"

சத்தியம் பண்ணியது நிஜம். அவர் விட்டுவிட்டதாக அம்மா சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள். இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பேரைச் சொல்லிடேன்டி. டீமை விட்டுத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும்மா. பரவாயில்ல."

பந்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பெண்ணா பரவாயில்லை என்கிறாள்? யாருக்காக? அம்மாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

"எனக்குத் தலை வெடிக்குது," என்றார் அப்பா. "மாடியில கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்."

பெண் வளர்ப்பைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே பின்கதவுப் பக்கம் போனார். ஆணியிலிருந்த கோட்டை எடுத்தார். கை நுழைத்தார். பட்டன் போட்டார். வலது பாக்கெட்டில் துழாவினார். இடது பாக்கெட்டில் துழாவினார்.

துழாவிய கை அப்படியே நின்றது.

"அப்பா!" என்றாள் மகள், மெதுவாக.

வளர்கிற பிள்ளை, ரெண்டு வருஷம் வரட்டும் என்று அம்மாதான் அந்தக் கோட்டை ரெண்டு அளவு பெரிதாக வாங்கினாள். மகளுக்கு முழங்கால் வரை தொங்கும். அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவர் சட்டையில் மட்டும் வாசனை ஒட்டக் கூடாதல்லவா!

"உனக்குத் தெரியுமாடி?" அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

மகள் தலையாட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லலை?"

"அப்பா விட்டதுலேருந்துதான் நிம்மதியா தூங்கறேன்னு நீ சொன்னியேம்மா."

அப்பா அவசர அவசரமாகப் பட்டனை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"கழட்டாதீங்க," என்றாள் அம்மா. "நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டே ஸ்கூலுக்கு வாங்க. டீச்சர் பேரு கேட்டிருக்காங்க."