சாட்சித் தண்ணீர்

ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த இரண்டு பாட்டில்களும் வெளுத்துப்போயிருந்தன.

திரைச்சீலையை விலக்கிய கையை அக்கா எடுக்கவே இல்லை. காலை வெயில் நேராக பாட்டில்களுக்குள் விழுந்து, அடியில் படிந்திருந்த சாம்பல் நிறத் தூளைக் காட்டியது. அவள் சொட்டுச் சொட்டாக விட்டபோது அது பச்சையாக இருந்தது.

நான் அக்காவின் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அக்கா தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் பாசி வளர்ப்பவள். யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால், அதில் கொஞ்சம் பாசியும் அதற்கான சத்தும் விட்டு வெளிச்சத்தில் வைப்பார்கள். பாசி தாறுமாறாகக் கொழுத்தால் சாக்கடையோ வயல் உரமோ கலந்திருக்கிறது என்று பொருள். வளரவே வளராமல் செத்தால், அது வேறு கதை.

"பச்சை வந்தா திட்டலாம். வரலைன்னாதான் பயப்படணும்" என்பாள்.

அவளுக்குப் பயம் வந்தது மொட்டைமாடியில். எங்கள் தொட்டியின் மூடி பாதி உடைந்தது. வெயில் விழுந்து விழுந்து எந்நேரமும் பாசி பிடிக்கும். அத்தான்தான் திட்டிக்கொண்டே தேய்ப்பார். அன்றைக்கு அவளைப் பெருமையாக மாடிக்குக் கூட்டிப்போனார். தேய்க்காமலே தொட்டி பளிச்சென்று இருந்தது. மூலைகளில் ஒரு நூல் பாசிகூட இல்லை.

"பாத்தியா பாசி டாக்டர்? உன் ஆளுங்க எல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க. இனிமே எனக்கு ரெஸ்ட்டு."

அவள் சிரிக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறைகள் இருந்தன. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால்தான் இந்த பாட்டில்கள். ஒன்றில் தொட்டித் தண்ணீர். இன்னொன்றில் நாங்கள் குடிக்கும் கேன் தண்ணீர்.

சோதனை என்றால் நம்பிக்கையான தண்ணீர் ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். அதில் பாசி வளர்ந்தால்தான் மற்றதில் செத்ததற்கு அர்த்தம். அவர்கள் கூடத்தில் அதைச் 'சாட்சி' என்பார்கள். அங்கே காய்ச்சி வடித்த தண்ணீரில் வைப்பார்கள். வீட்டில் அது ஏது? நம்பிக்கையான தண்ணீர் என்றதும் அக்கா உள்பட எங்கள் எல்லோருக்கும் தோன்றியது கேன்தான்.

தொட்டித் தண்ணீர் வெளுக்கும் என்று எதிர்பார்த்திருந்தோம்.

சாட்சி அதைவிட அதிகமாக வெளுத்திருந்தது.

அத்தான் பல் துலக்கும் நுரையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"நீ கொண்டுவந்ததே செத்த பாசியா இருக்கும். பஸ்ல குலுங்குன குலுங்கல்ல எனக்கே பாதி உசுரு போய்டும்."

அப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா சமையலறை ஜன்னலுக்குப் போனாள். சோதனைக்கூடத்திலிருந்து கொண்டுவந்ததில் மிச்சம் அங்கேதான் இருந்தது. பாட்டிலைக் கையில் எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்தே தெரிந்தது, கிளிப்பச்சை.

குற்றம் பாசியில் இல்லை, தண்ணீரில்தான்.

குழாய்த் தண்ணீர் நாற ஆரம்பித்த நாளிலிருந்து கேன் வண்டியின் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு நிம்மதி. அந்த வண்டிக்காரர் எங்கே நிரப்புகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அது போதுமென்று இருந்தோம்.

அத்தானின் கண் என் தோளுக்கு வந்தது. அக்காவின் கண்ணும்.

"பாப்பாவுக்கு..." என்றார் அத்தான்.

அக்கா பாப்பாவின் இமையை விலக்கிப் பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். நகங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பாப்பா வீலென்று கத்தியது.

சட்டென்று அவள் முகம் இளகியது.

"ஐயோ, நான் ஒரு மடச்சி! இவ இன்னும் ஒரு சொட்டு தண்ணி குடிச்சதில்லையேடி. தாய்ப்பால் மட்டும்தானே!"

அத்தான் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். வாயிலிருந்த நுரை சட்டையெல்லாம் ஒழுகியது. அதைப் பார்த்து அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை.

பாப்பாவுக்குக் கிள்ளிய கோபம், கூடவே பசி. அக்கா அதை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேல் பொத்தானைக் கழற்றினாள்.

இரண்டாவது பொத்தானில் விரல் நின்றுவிட்டது.

பிறகு கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டாள். எழுந்து பாப்பாவை அத்தான் மடியில் விட்டாள்.

"கடையில போய்ப் பால்மாவு வாங்கிட்டு வாடி" என்றாள் என்னிடம். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "அப்படியே வேற எங்கேருந்தாவது தண்ணி."

"தாய்ப்பால் இருக்கும்போது அது எதுக்குடி?" அத்தான் முகத்தில் இன்னும் சிரிப்பு மாறவில்லை.

அவள் மூலையில் இருந்த கேனைக் காட்டினாள்.

பிள்ளை பெற்றவள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்போதுதான் பால் சுரக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் சொல் தட்டாமல் குடித்தாள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும், கேனைச் சரித்து நான்தான் பிடித்துக் கொடுப்பேன். அந்த வீட்டில் அவ்வளவு தண்ணீர் குடித்தவர் வேறு யாரும் இல்லை.

செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். பாப்பா அவளைப் பார்த்துக் கைகளை நீட்டி நீட்டி அழுதது. அக்கா இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பாப்பா பால்மாவில்தான் வளர்ந்தாள். அக்காவை அவளுக்குச் சுவரில் மாட்டிய படமாகத்தான் தெரியும்.

என்னைத்தான் அம்மா என்கிறாள்.