யாரும் கேட்காத கடை

"நம்ம தெரு சாப்பாட்டுக் கடையை விட்டுட்டு, ஏதென்ஸோட இந்தக் கோடிக்கு எதுக்கு—"

"அங்கே போனா பையனைப் பத்திக் கேட்பாங்க, ஸ்தமாதியா."

"கேட்டா சொல்லிட்டுப் போறது."

"இங்கே யாருக்கும் நம்மளைத் தெரியாது. பேசாம சாப்பிடு."

ஸ்தமாதியாவின் கை மேசைமேல் மரக்கட்டைபோல் கிடந்தது. அவள் கணவர் லெஃப்தெரிஸ் ஆட்டுக்கறி கேட்டார். கடைக்காரி கொண்டுவந்து வைத்ததோ மீன் சூப்பும் இரண்டு பிராந்தியும்.

"நாங்க கறியில்ல கேட்டோம்?"

"இன்னிக்கு உங்களுக்குக் கறி ஆகாதுங்க. அடக்கம் பண்ணிட்டு வர்றவங்களுக்கு மீனும் பிராந்தியும்தானே வழக்கம்? ரெண்டு பேர் ஷூவிலயும் கல்லறை மண்ணு அப்பியிருக்கு."

லெஃப்தெரிஸ் கால்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

கடைக்காரி ஸ்தமாதியாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"போனது யாரும்மா?"